பொன்மலையில் பிறந்த நீலகிரி எஞ்சின்

பெரிய இரயில் நிலையங்கள் சிலவற்றின் முகப்பில் பழைய நீராவி எஞ்சின் ஒன்று புது வண்ணம் பூசப்பெற்று, கம்பி வேலிக்குள்ளே குரோட்டன் செடிகள் சூழ நிற்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். குழந்தைகள் அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பர். பெரியவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். அதன் கொதிகலனில் ஒரு துளி நீர் இராது; அடுப்பில் ஒரு பொறி நெருப்பு இராது. முதுமை எய்திய எந்திரத்திற்கு நாம் கொடுக்கும் மரியாதை பெரும்பாலும் இவ்வளவே.

ஆனால் முதுமையிலும் உழைத்து உண்ணும் எஞ்சின்கள் சில உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்கு உதகமண்டலம் புறப்படும் மலை இரயிலைக் குன்னூர்வரை தள்ளிச் செல்வது இன்றும் நீராவி எஞ்சினே. காட்சிக்காக ஆண்டில் ஒருநாள் ஓட்டப்படுவதன்று. அட்டவணைப்படி, பயணச்சீட்டுப் பெற்ற மக்களை ஏற்றிக்கொண்டு ஓடுவது. தென்னாட்டில் இத்தகைய வழக்கமான நீராவிச் சேவை வேறெங்கும் எஞ்சவில்லை.

இப்பாதையின் வரலாறு நீண்டது. 1854-ஆம் ஆண்டிலேயே இதற்கான திட்டம் பேசப்பட்டது. மலையின் கடுமை கண்டு பலரும் தயங்கவே, 1891-இல்தான் வேலை தொடங்கிற்று. 1899-இல் குன்னூர்வரையிலும், 1908-இல் உதகைவரையிலும் வண்டி ஓடலாயிற்று. மொத்த நீளம் 46 கிலோமீட்டரே. இந்தச் சிறு தூரத்திற்குள் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை 2,203 மீட்டர் உயரத்தில் முடிகிறது. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. பேருந்தில் சென்றால் அதில் பாதி நேரம் போதும் என்பார் உண்டு. உண்மையே. அவசரமாகச் செல்ல வேண்டியவர் பேருந்திலேயே செல்வாராக.

2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அப்பெருமையைப் பெற்ற டார்ஜிலிங் மலைப் பாதையோடு இது சேர்க்கப்பட்டது. 2008-இல் கால்கா - சிம்லா பாதையும் உடன் சேர்ந்தது.

பல்லால் பற்றி ஏறும் வித்தை

சமவெளியில் நூறடிக்கு ஓரடி உயர்ந்தாலே அது எஞ்சினுக்குக் கடினமான ஏற்றம். கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை உள்ள மலைப் பகுதியிலோ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் இடங்கள் உள. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின் மேல் இவ்வளவு செங்குத்தாக ஏற முற்பட்டால் சுழலுமேயன்றி நகராது. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் வெட்டிய எஃகுச் சட்டங்கள் இரண்டினை அருகருகே பதித்துள்ளனர். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றச் சட்டத்தில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் வயிற்றுக்குக் கீழுள்ள பற்சக்கரங்கள் இவற்றைக் கவ்விக்கொள்கின்றன. ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பற்றியிருப்பதால் எந்தக் கணத்திலும் பிடி தளர்வதில்லை.

இம்முறைக்கு 'ஆப்ட்' முறை என்று பெயர். 'மாறி மாறிக் கடித்தல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இப்பெயர் என்று விளக்கம் கூறுவார் பலர். அச்சிட்ட நூல்களிலும் அவ்விளக்கம் இடம்பெற்றுவிட்டது. அது பிற்காலத்தார் கற்பனை. ரோமன் ஆப்ட் என்பார் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். 1882-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றவர் அவரே. உழைத்துக் கண்டவரின் பெயரை அழித்துவிட்டுச் சொல் விளையாட்டை அங்கே வைப்பது அவருக்குச் செய்யும் நீதியாகாது.

இப்பாதைக்குரிய எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தில் உருவானவையே. விண்டர்தூர் நகரிலிருந்த தொழிற்சாலை 1914 முதல் 1952 வரை பல தவணைகளில் 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் பதினேழினைக் கட்டி அனுப்பியது. இவற்றின் அமைப்பு நுட்பமானது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள், ஆக நான்கு. சமதரையில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பல் பாதை தொடங்கியதும், கீழே ஒருமுறை உழைத்துத் தளர்ந்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் மேல் சிலிண்டர்களுக்குச் செலுத்துவர். அந்த மிச்ச ஆற்றலே பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே கொதிகலன், ஒரே ஆவி, இரண்டு வேலை. சிக்கனம் தெரிந்த இல்லத்தரசி வடித்த கஞ்சியையும் வீணாக்காதது போல என்று கூறினால் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும்.

எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறத்தில், அதாவது பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னின்று தள்ளும். இறங்கும்போது முன்னின்று தாங்கும். இணைப்புச் சங்கிலி அறுந்தாலும் பெட்டிகள் தாமே உருண்டோடாமல் இருக்கவே இவ்வேற்பாடு. ஏறும்போது எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பாதை தெரியாது. ஆகையால் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் பிரேக்மேன் ஒருவர் நின்று, கொடி காட்டியும் கைப் பிரேக்கை முறுக்கியும் வண்டியைக் காக்கிறார். பல் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. அந்த வேகத்திற்கும் இத்தனை கண்களும் கைகளும் தேவைப்படுகின்றன.

நெருப்பை வளர்ப்பவர்

மோட்டாரை முடுக்குவது போல நீராவி எஞ்சினை ஒரு நொடியில் கிளப்பிவிட முடியாது. வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே அடுப்பை மூட்ட வேண்டும். கொதிகலன் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும்; அவசரப்பட்டால் இரும்பு ஓரிடத்தில் விரிந்து மற்றோரிடத்தில் விரியாமல் பிளவு காணும். பிறகு ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் இட வேண்டும். நீரின் மட்டம் அடுப்பின் உச்சித் தகட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது. இறங்கினால் தகடு பழுத்து, பெரும் விபத்தில் முடியும். நிலக்கரி வாரிப் போடுவதிலும் முறை உண்டு. நெருப்பு எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்து அங்கே மெல்லிய படலமாக வீச வேண்டும். அடுத்த ஏற்றம் எங்கே வரும் என்று முன்கூட்டியே உணர்ந்து ஆவியைச் சேர்த்து வைக்க வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் எழுதிப் படித்துவிடக் கூடியவை அல்ல. ஒரு ஃபயர்மேன் இன்னொரு ஃபயர்மேனின் பக்கத்தில் நின்று, வெந்து, வியர்த்துக் கற்றுக்கொண்டவை.

2002-ஆம் ஆண்டு முதல் சில எஞ்சின்களில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரிக்கும் அடுப்பு பொருத்தப்பட்டது. எண்ணெய் அடுப்பில் நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிது. சாம்பல் வாரும் வேலை இல்லை. காய்ந்த காட்டில் கனல் தெறிக்கும் அச்சமும் குறைவு. பழைமையை விரும்புவோர் இம்மாற்றத்தைக் குறை கூறினர். நமக்கு அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அடுப்பின் முன் நின்று நிலக்கரி வாரியவருடைய முதுகு எப்படி வலித்திருக்கும் என்பதைப் புகைப்படம் எடுப்பவர் அறியார். மேலும், சுவிட்சர்லாந்திலேயே பிரியன்ஸ் நகருக்கு அருகிலுள்ள ரோட்ஹார்ன் மலைப் பாதைக்கு 1992-இல் எண்ணெயால் எரியும் புதிய நீராவி எஞ்சினைக் கட்டியது அதே விண்டர்தூர் தொழிற்சாலைதான்.

வரைபடம் இருந்தது; கை?

இனி நாம் முதன்மையாகக் கூற விரும்பியதற்கு வருவோம். எஞ்சின் இரும்பால் ஆனது; இரும்பு தேயும். கொதிகலனின் குழாய்கள் அரிக்கப்படும், பற்சக்கரத்தின் பல் மழுங்கும், சிலிண்டரின் உட்சுவர் கீறல் விழும். உறுப்பு வாங்கக் கடைக்குச் செல்ல முடியாது. செய்தளித்த தொழிற்சாலை நீராவி எஞ்சின் செய்யும் காலம் முடிந்துவிட்டது. ஓர் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றுக்கு உறுப்பு மாற்றுவது சில காலம் செல்லும். பிறகு எல்லாமே நின்றுவிடும்.

இந்நிலையில்தான் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை முன்வந்தது. தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்த தன் பணிமனையைக் கொண்டுவந்து 1928-இல் இங்கு நிலைநாட்டியது. தலைமுறை தலைமுறையாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டுவரும் இடம் அது. பழைய எஞ்சின்களைப் பழுது பார்ப்பதோடு நில்லாமல், புதிய 'எக்ஸ்' வகை எஞ்சின்களையே அங்குக் கட்டினர். 2011 தொடங்கி 2014-க்குள் எண்ணெயால் இயங்கும் எஞ்சின்கள் நான்கு வெளிவந்தன. 2021-இல் நிலக்கரியால் இயங்கும் எஞ்சின் ஒன்றும் கட்டி முடிக்கப்பெற்றது.

இச்சாதனையின் அருமையை உணர ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். சித்தரஞ்சன் தொழிற்சாலை 2,351 நீராவி எஞ்சின்களைக் கட்டியபின் 1972-இல் அவ்வேலையை நிறுத்திக்கொண்டது. அகலப் பாதையில் கடைசி வழக்கமான நீராவி இரயில் 1995 டிசம்பர் 6-ஆம் நாள் ஜலந்தர் - பெரோஸ்பூர் இடையே ஓடியது. 1972-இல் இருபது வயதில் சுத்தியல் பிடித்த இளைஞர் 2012-இல் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெற்றிருப்பார். ஆக, பொன்மலையில் முதல் புதிய எஞ்சின் வெளிவந்தபோது, நீராவிக் காலத்தில் தொழில் பழகிய கடைசித் தலைமுறை பணிமனை வாயிலைத் தாண்டி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் வரைபடங்கள் மட்டும் பீரோவில் இருந்திருக்கும்.

இது வீண் அச்சமன்று என்பதை இங்கிலாந்து காட்டுகிறது. அங்கே பெப்பர்கார்ன் என்னும் பொறியாளர் வடிவமைத்த ஒருவகை விரைவு எஞ்சின்கள் 49 இருந்தன. 1966-க்குள் அத்தனையும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. மனம் பொறாத அன்பர்கள் சிலர் 1990-இல் ஒரு சங்கம் கண்டு, சிறு சிறு தொகைகளைத் தவணையாகச் சேர்த்து, அதே வகையில் ஐம்பதாவது எஞ்சினைப் புதிதாகக் கட்டத் துணிந்தனர். 2008-இல் 'டார்னடோ' என்னும் பெயரோடு அது ஓடத் தொடங்கிற்று. பதினெட்டு ஆண்டு உழைப்பு! ஆயினும் அதன் கொதிகலன் இங்கிலாந்தில் செய்யப்படவில்லை. நீராவி எஞ்சினை உலகுக்கு அளித்த நாடு, ஜெர்மனியின் மைனிங்கன் நகரப் பணிமனையைத் தேடிச் சென்றது. காரணம் வெளிப்படை. இங்கிலாந்தின் அரசு இரயில்வே 1968-இல் நீராவியைக் கைவிட்டது. மைனிங்கன் அமைந்திருந்த கிழக்கு ஜெர்மனியிலோ 1988 வரை நீராவி ஓடியது. இருபது ஆண்டு கூடுதலாகக் கை பழகிய இடத்தில் தொழில் உயிரோடிருந்தது.

'புதிதாகக் கட்டிய எஞ்சின் எப்படிப் பாரம்பரியச் சின்னமாகும்? அது நகல்தானே?' என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. முதுமையான பொருளை மட்டும் பாரம்பரியம் என்று கொண்டால், பொன்மலை எஞ்சினுக்கு அப்பெயர் பொருந்தாது. ஆனால் கும்பகோணத்துக் கொல்லர் இன்று வார்க்கும் குத்துவிளக்கை நகல் என்று நாம் ஒதுக்குவதில்லை. வார்க்கும் முறை அவர் கையில் இருக்கும்வரை விளக்கின் வயது நமக்குப் பெரிதன்று. நீலகிரியில் காக்கத் தக்கது 1914-ஆம் ஆண்டின் இரும்பைவிட, அந்த இரும்பை அறிந்த கையே என்பது நம் கருத்து. அந்தக் கை இருந்தால் எஞ்சின் மீண்டும் பிறக்கும். அது போய்விட்டால், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எஞ்சினும் கம்பி வேலிக்குள்தான் போய் நிற்கும்.

சென்னைப் பெரம்பூர் எஞ்சின் பணிமனைக்கும் இதில் பங்கு உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பெற்று, கிழக்கிந்திய இரயில்வேக்காகக் கல்கத்தா வந்திறங்கிய உடன்பிறப்பு எஞ்சின்கள் இரண்டு. அவற்றுள் 'ஃபேரி குயின்' எனப் பெயர் பெற்றதை 1997-இலும், 21-ஆம் எண் கொண்ட மற்றொன்றை 2010-இலும் மீண்டும் ஓடச் செய்தவர்கள் பெரம்பூர்த் தொழிலாளரே. நெடுங்காலம் அசையாது நின்ற இரும்பு, நம்மவர் கைபட்டு மூச்சு விட்டது. ஆயினும் அவை எப்போதேனும் சிறப்பு நாள்களில் ஓடுபவை. நாள்தோறும் மலையேறும் நீலகிரி எஞ்சினுக்கு வேண்டும் உழைப்பு வேறு.

டீசலுக்கும் நரை வந்தது

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுகின்றனர். அதற்கு மேல் வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகைவரை பல் பாதை இல்லை. பெரும்பாலான பயணிகள் இந்த டீசல் எஞ்சினைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அதுவும் இன்று கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது என்பதைப் பலர் அறியார்.

'ஒய்.டி.எம். 4' எனப்படும் இவ்வகை எஞ்சின் மீட்டர் பாதைக்கென அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியால் வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,400 குதிரைத் திறன் உடையது. 1960-களின் தொடக்கத்தில் முதலில் கப்பலில் வந்தது. பின்னர் வாரணாசித் தொழிற்சாலையிலேயே நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டது. நீராவி எஞ்சினை ஓய்வுக்கு அனுப்பியது இதுவே. ஒரு காலத்தில் நம் மாநிலத்தின் மீட்டர் பாதைகளில் உறங்கியும் உறங்காமலும் இரவுப் பயணம் செய்தவர் எவரும் இதன் உறுமலைக் கேளாதிருந்திருக்க முடியாது.

காலம் எவரையும் விடுவதில்லை. ஆல்கோ கம்பெனி 1969-இலேயே மூடப்பட்டது. 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தால் மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டன. செங்கோட்டை - புனலூர் மலைப் பாதையில் 2010-இல் மீட்டர் வண்டி நின்றது. எஞ்சின்களுள் சில மியான்மர் நாட்டுக்குச் சென்றன, பல உடைக்கப்பட்டன. தமிழகத்தில் மீட்டர் பாதை இன்று நீலகிரியில் மட்டுமே. அகலப் பாதைகளிலும் மின்கம்பிகள் ஏறக்குறைய முழுவதும் போடப்பட்டுவிட்டன. வாரணாசித் தொழிற்சாலை 2020-இல் பெயரையும் மாற்றிக்கொண்டு, பெரும்பாலும் மின்சார எஞ்சின்களையே கட்டுகிறது. நீராவியை வென்ற டீசல், நீராவி நின்ற அதே வரிசையில் இப்போது வந்து நிற்கிறது.

நீராவிக்குக் கவிஞர் உண்டு, சங்கம் உண்டு, புகைப்படக்காரர் உண்டு. டீசலுக்கு அழுவார் குறைவு. அதன் கரும்புகையும் எண்ணெய் நாற்றமும் எவர் மனத்தையும் கவரவில்லை போலும். ஆயினும் நாற்பது ஐம்பது ஆண்டு நம் மக்களைச் சுமந்தது அது. நாட்டின் முதல் அகலப் பாதை டீசல் வகையைச் சேர்ந்த எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதனினும் மேலானது, ஓடக்கூடிய நிலையில் சிலவற்றைக் காப்பது. குன்னூர் - உதகைப் பாதையில் இன்று அது நடைபெறுகிறது. எண்ணிப் பார்த்துச் செய்ததோ, வேறு வழியின்றி நேர்ந்ததோ, நல்லதே.

2023-ஆம் ஆண்டு மத்திய அரசு, பாரம்பரிய மலைப் பாதைகளில் ஹைட்ரஜன் வாயுவால் இயங்கும் வண்டிகளை விடும் திட்டத்தை அறிவித்தது. புகை இராது, காடு மாசுபடாது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. அவ்வண்டிகள் பழைய எஞ்சின்களுக்குத் துணையாக வருமா, அவற்றின் இடத்திற்கே வருமா என்பதே நமக்குள்ள கவலை. மலை இரயிலில் வரவைவிடச் செலவே மிகுதி. மழைக்காலந்தோறும் மண் சரிந்து பாதை மூடப்படுவதும் உண்டு. கணக்குப் பார்ப்பவர் கண்ணில் நீராவி எஞ்சின் முதலில் படும். ஐந்தாண்டு எஞ்சினை நிறுத்தி வைத்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. மீண்டும் பழுது பார்க்கலாம். ஐந்தாண்டு வேலையின்றி இருந்த ஃபயர்மேனும் கொதிகலன் தொழிலாளியும் வேறு வேலைக்கு மாற்றப்பட்டிருப்பர். அவர்களிடம் கற்க வேண்டிய இளைஞர் கற்றிருக்கமாட்டார்.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு உதகை செல்ல எண்ணும் நேயர்கள் இந்த இரயிலுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முன்பதிவு செய்துகொள்வது நலம். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. மழை மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புறப்படுமுன் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்க. கல்லாறு நிலையம் தாண்டியதும் பேச்சை நிறுத்திச் செவி கொடுங்கள். பற்சக்கரம் சட்டத்தைக் கவ்வும் இடத்தில் எஞ்சினின் ஓசை இரட்டிக்கும். மேல் சிலிண்டர்கள் வேலைக்கு வந்துவிட்டன என்பது பொருள். வழியில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது பிள்ளைகளைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் எஞ்சின் மாற்றச் சிறிது நேரம் ஆகும். தேநீர்க் கடைக்கு ஓடாமல், மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு மேடையின் கோடிக்குச் செல்லுங்கள். முகத்தில் கரியும் கையில் எண்ணெய்த் துணியுமாக இறங்கும் ஃபயர்மேனிடம், இந்த எஞ்சின் விண்டர்தூரில் செய்ததா பொன்மலையில் செய்ததா என்று கேட்டுப் பாருங்கள்.